எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் நீந்தட்டும்

கண்டியிலிருந்து ஏ1 பாதையில் கொழும்புக்கு ஏறக்குறைய 115 கிலோமீற்றர். பஸ்ஸில் உட்கார்ந்து போனாலே இடுப்பு விட்டுப்போகிற தூரம். அயன்மேன் 70.3 என்ற போட்டியின் தூரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நீச்சல் 1.9 கிலோமீற்றர், சைக்கிள் 90, ஓட்டம் 21.1. கூட்டினால் 113. அதை மைலில் கணக்குப் பார்த்தால் 70.3 வரும், பெயரும் அப்படி வந்ததுதான். நடுவில் ஓய்வு கிடையாது. ஈர உடம்போடு சைக்கிளில் ஏறி, இறங்கிய கையோடு ஓட வேண்டும். இதையே தொழிலாகக் கொண்ட வீரர்கள் நான்கு மணித்தியாலத்துக்குள் முடித்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு எட்டரை மணித்தியாலம் தருவார்கள்.

2018 பெப்ரவரி 25, ஞாயிற்றுக்கிழமை. அந்தப் போட்டி முதன்முறையாக இலங்கைக்கு வந்தது. கொழும்பு காலிமுகத்திடலில் பல நாட்டு வீரர்களோடு நானும் நின்றேன். பதிவுப் படிவத்தில் ஊர் கேட்டிருந்த இடத்தில் ‘மஹய்யாவ, கண்டி’ என்று எழுதியிருந்தேன். அந்த விலாசத்துக்கு என்ன பொருள் என்று கண்டிக்காரர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கண்டி நகரைத் தாண்டி ஏ9 பாதையில் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் போனால் சற்று நேரத்தில் மஹய்யாவ வந்துவிடும். அதே பாதைதான் மாத்தளை, தம்புள்ளை, வவுனியா என்று நீண்டு யாழ்ப்பாணம் வரை போகிறது. நகரத்தின் பொது மயானம் எங்கள் ஊரில் இருக்கிறது. மாத்தளை ரயில் எங்கள் ஊரைக் கடந்து போகிறது. மேட்டில், சுவரோடு சுவர் ஒட்டிய லயங்களில் நாங்கள் இருக்கிறோம். வெள்ளைக்காரன் காலத்தில் நகரத்தைக் கூட்டவும் கழிவு அள்ளவும் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள் நாங்கள். ஓர் அறை, ஒரு குசினி, அதற்குள் மூன்று தலைமுறை. குழாயடியில் வாளிகளின் வரிசை. தொழிலையும் சாதியையும் சேர்த்து எங்கள் விலாசத்தின் மேல் ஊரார் ஒரு முத்திரை குத்தி வைத்திருக்கிறார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எங்கள் பிள்ளைகள் பலர் வேறு ஊரிலுள்ள சொந்தக்காரர் வீட்டு விலாசத்தைப் போடுவார்கள். நேர்முகத்தில் ‘மஹய்யாவவா?’ என்று ஒரு கேள்வி வரும். அதற்குப் பிறகு கடிதம் வராது.

என் அப்பா மாநகர சபைத் தொழிலாளி. விடியுமுன்னே தும்புத்தடியோடும் தள்ளுவண்டியோடும் கிளம்பிவிடுவார். ஓட்டம், தாங்கும் சக்தி என்றெல்லாம் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே நான் அதைப் பார்த்தது அவரிடம்தான். எசல பெரஹரா நாட்களில் அது நன்றாகத் தெரியும். யானைகளும் நடனக்காரர்களும் தீப்பந்தங்களும் தலதா வீதியையும் டி. எஸ். சேனநாயக்க வீதியையும் கடந்து போன பிறகு சனம் கலைந்து வீட்டுக்குப் போகும். அந்த நேரத்தில்தான் எங்கள் ஆட்களின் வேலை தொடங்கும். யானைச் சாணம், கருகிய கொப்பரை, மிதிபட்ட கடலைச் சுருள், சாப்பாட்டுப் பொதி எல்லாவற்றையும் விடிவதற்குள் அள்ளி முடிக்க வேண்டும். காலையில் வெள்ளை உடுப்போடு கோயிலுக்கு வருகிறவர்கள் சுத்தமான வீதியில் நடப்பார்கள். அப்பா வீட்டுக்கு வந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் பகல் முறைக்குப் போவார். களைப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. இந்த ஊரின் உடம்பு உழைப்புக்குப் பழகிய உடம்பு. ஓடச் சொன்னால் எங்கள் பிள்ளைகள் ஓடுவார்கள். நானும் அப்படித்தான் பாடசாலைக் காலத்தில் ஓடினேன்.

நீச்சல் அப்படியல்ல. ஓட வீதி போதும், நீந்தத் தண்ணீர் வேண்டும். கண்டியில் நீச்சல் தடாகம் என்றால் பெரும்பாலும் பெரிய பாடசாலைகளிலும் கழகங்களிலும் ஹோட்டல்களிலும் இருப்பவைதான். எங்களுக்கு எட்டியது கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கீழே ஓடும் மகாவலி ஒன்றுதான். மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுக்கும் ஆறு அது. குளிக்கப் போன பிள்ளைகள் திரும்பி வராத கதை எங்கள் லயத்திலும் உண்டு. அதனால் அம்மா ஆற்றுப் பக்கமே விடமாட்டார். “ஆத்துப் பக்கம் போன, காலை ஒடிச்சுப்புடுவேன்” என்பார். ஆக, வளர்ந்த ஆளாகியும் இடுப்பளவுத் தண்ணீருக்கு மேல் போகாதவனாகவே இருந்தேன்.

வேலை கிடைத்தது ஒரு ஹோட்டலில். அறைகளுக்குத் துவாய் கொண்டு போவது, தடாகத்தின் ஓரத்தைத் துடைப்பது, நாற்காலி அடுக்குவது. அங்கே உயிர்காப்பாளராக இருந்தவர் திருகோணமலைக்காரர். கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர். நான் ‘அண்ணை’ என்றே கூப்பிடுவேன். ஓடிப் பழகிய என் கால்களைப் பார்த்துவிட்டு அவராகவே கேட்டார்: “தம்பி, இவ்வளவு மூச்சு வச்சிருக்கிறாய், தண்ணிக்குள்ள இறங்கினா என்ன?” விருந்தினர் எல்லாரும் போன பிறகு, இரவில், முகாமையாளரின் அனுமதியோடு பாடம் தொடங்கியது.

முதலில் அவர் எனக்குக் கைவீசக் கற்றுத்தரவில்லை. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை மெல்ல மெல்ல ஊதி விடச் சொன்னார். வெளியே மூச்சை உள்ளே இழுக்கத்தான் பாடு. தண்ணீருக்குள் மூச்சை வெளியே விடுவதுதான் பாடு. அதை விடாமல் நெஞ்சில் அடைத்து வைத்திருப்பதால்தான் புதியவனுக்கு மூச்சு முட்டுகிறது. “தண்ணியோட மல்லுக்கட்டாத தம்பி. அது தூக்கும். நீ விட்டுக்குடுக்கோணும்” என்பார். உடம்பை நீட்டி மிதக்கவிட்டு, தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் திருப்பி மூச்செடுக்கப் பழகுவதற்கே மாதக் கணக்கானது. ஓய்வு நேரங்களில் ஆழிக்குமரன் ஆனந்தனைப் பற்றிச் சொல்லுவார். 1954இல் தொண்டைமானாறு நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த பிறகு, 1971இல் வல்வெட்டித்துறை ஆனந்தன் அதே நீரிணையை ஒரே மூச்சில் போகவும் வரவுமாகக் கடந்தார். 51 மணித்தியாலம். 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது அந்தக் குளிர்ந்த கடலில் உயிரை விட்டார். அண்ணை இதைச் சொல்லும்போது குரல் மாறிவிடும். கடலோடு வாழ்ந்தவர்களுக்கு ஆனந்தன் வீட்டுப் பிள்ளை. மலையில் பிறந்த எனக்கும் அந்த இரவுகளில் அப்படியே ஆகிப்போனார்.

சைக்கிள் அடுத்த மலை. பந்தய சைக்கிள் புதிதாக வாங்குவதென்றால் இலட்சக் கணக்கில் வேண்டும். பழைய ஒன்றைச் சீட்டுப் பணத்தில் வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டு வந்த அன்று அப்பா அதைத் தலைகீழாக நிறுத்தினார். முன் சில்லை விரலால் ஒரு தட்டுத் தட்டிச் சுழலவிட்டு, காதை அச்சுக்குப் பக்கத்தில் கொண்டு போனார். “உள்ள குண்டு தேஞ்சிருக்கு, கரகரங்குது” என்றார். தள்ளுவண்டிச் சில்லுகளோடு வாழ்நாளைக் கழித்தவரின் காது அது. அன்று இரவே அச்சைக் கழற்றி, பழைய கிறீஸை மண்ணெண்ணெய்த் துணியால் வழித்தெடுத்து, ஒவ்வொரு குண்டையும் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, தேய்ந்தவற்றை ஒதுக்கினார். மறுநாள் புதுக் குண்டுகள் போட்டு மூடிய பிறகு சில்லு நெடுநேரம் சத்தமில்லாமல் சுழன்றது. கொழும்பில் 90 கிலோமீற்றரும் அந்தச் சில்லு ஒரு முனகல் கூட முனகவில்லை.

பயிற்சிக்குப் பாதைக்குக் குறைவில்லை. விடியற்காலையில் கண்டி வாவியைச் சுற்றி ஓடுவேன். விடுமுறை நாளில் ஏ9இல் அக்குறணை வழியாக பலகடுவ வளைவுகளில் இறங்கி மாத்தளைக்குப் போய், திரும்பி அந்த ஏற்றத்தை மிதிப்பேன். சமதரை வேண்டுமென்றால் குண்டசாலை, பல்லேகலை, திகனைப் பக்கம். சைக்கிளை வீட்டில் சாத்திய மறுநிமிடம் சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஓடுவதும் பயிற்சியில் ஒன்று. சைக்கிளில் சுற்றிப் பழகிய தொடைக்கு ஓட்டம் மறந்துவிடும். முதல் இரண்டு கிலோமீற்றர் கால் நம் கால் போல இருக்காது. அதைத் தெரிந்து வைத்திருந்தால்தான் போட்டியில் பயப்படாமல் இருக்கலாம்.

மலைநாட்டு உடம்புக்குக் கொழும்பின் வெக்கை இன்னொரு சோதனை. கண்டி கடல் மட்டத்திலிருந்து 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பில் காற்றே ஈரமாக இருக்கும். வியர்வை உலராது, உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. வெயிலுக்கு உடம்பு பழகப் பத்துப் பதினான்கு நாளாவது வேண்டும். அதற்குள் இரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வியர்வை முன்கூட்டியே சுரக்கும், அதில் போகும் உப்பும் குறையும். அதனால் போட்டிக்கு முந்திய வாரங்களில் உச்சி வெயிலில் ஜேர்க்கின் போட்டுக்கொண்டு ஓடினேன். விலை கூடிய பானங்களுக்குப் பதிலாக ஜீவனிப் பொதியைக் கரைத்துக் குடித்தேன். வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்குத் தாய்மார் கொடுக்கும் அதே ஜீவனிதான். உப்பும் குளுக்கோசும் சேர வேண்டிய அளவில் அதில் இருக்கின்றன.

போட்டியன்று இருட்டோடு இருட்டாகக் காலிமுகத்திடலுக்குப் போய்ச் சேர்ந்தேன். கணுக்காலில் நேரம் கணிக்கும் சிப், தலையில் நிறத் தொப்பி. தென்மேல் பருவக்காற்று மே மாதத்தில்தான் தொடங்கும், பெப்ரவரியில் மேற்குக் கரைக் கடல் ஒப்பீட்டளவில் சாந்தமானது. தண்ணீரும் இளஞ்சூடு. குளிர் நாட்டுப் போட்டிகளில் அணியும் றப்பர் உடுப்புக்கு எங்கள் கடலைப் போன்ற சூடான தண்ணீரில் அனுமதி இல்லை. அந்த உடுப்பு இருந்தால் மிதக்க உதவும். இல்லாததால் எல்லாரும் சமம். அது எனக்குப் பெரிய ஆறுதல்.

தடாகத்தில் தரையில் ஒரு கோடு தெரியும், கடலில் ஒன்றும் தெரியாது. முன்னால் நீந்துபவரின் குதிகால் முகத்தில் படும், பக்கத்தில் வருபவரின் கை முதுகில் விழும். சில வீச்சுக்கு ஒருமுறை முதலையைப் போலக் கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கி, மிதவை எங்கே என்று பார்த்துக்கொண்டு போக வேண்டும். ஓர் அலை சரியாக நான் மூச்செடுக்கும் நேரத்தில் வந்து வாயை நிறைத்தது. தொண்டை எரிந்தது. நெஞ்சு இறுகத் தொடங்கியது. அண்ணை சொன்னது போல மூச்சை மெல்ல ஊதி விட்டேன், கைகளை நீட்டி உடம்பைத் தளரவிட்டேன். கடல் என்னைத் தூக்கியது. மலையில் பிறந்து, ஆற்றுக்கே போகாதவனைக் கடல் தூக்கியது. அந்த நொடியின் சந்தோஷத்தை இன்னும் எந்த வெற்றியும் எனக்குத் தந்ததில்லை.

கரையேறிய பிறகு எல்லாம் ஒழுங்கு முறை. தலைக்கவசத்தின் வாரைப் பூட்டாமல் சைக்கிளைத் தொட்டால் தண்டனை. முன்னால் போகிறவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றைத் தவிர்த்தாலும் தண்டனை, 12 மீற்றர் இடைவெளி விட வேண்டும். வாகனங்கள் இல்லாத கொழும்பு வீதியில் மிதித்தது ஒரு புது அனுபவம். ஏற்றம் இல்லாதது மலைநாட்டானுக்கு நல்லதுதானே என்று நினைப்பார்கள். ஏற்றம் இல்லையென்றால் இறக்கமும் இல்லை. கால் ஒரு கணமும் ஓயாது. முன்வரிசை வீரர்கள் என்னைக் கடந்து போனபோது அவர்களுடைய சைக்கிள்களின் ஓசை மட்டுமே கேட்டது. தலை அசையாது, தோள் அசையாது, இடுப்புக்குக் கீழே மட்டும் ஓர் இயந்திரம். அதைப் பக்கத்திலிருந்து பார்த்ததே ஒரு பாடம்.

ஓட்டம் தொடங்கியபோது சூரியன் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் கடல், கண் கூசும் ஒளி. தண்ணீர் கொடுக்கும் இடங்களில் பஞ்சை வாங்கிக் கழுத்தில் பிழிந்தேன். பனிக்கட்டியைத் தொப்பிக்குள் போட்டுக்கொண்டேன். பாதியைத் தாண்டியதும் பின்தொடை இழுக்கத் தொடங்கியது. நடந்தேன். பலரும் நடந்தார்கள்.

அந்த இடத்தில்தான் அவரைப் பார்த்தேன். வீதியோரத்தில் ஓர் அம்மா, துப்புரவுத் தொழிலாளியின் மேலங்கியோடு, வீரர்கள் வீசியெறிந்த காகிதக் குவளைகளையும் சத்துப்பாகு உறைகளையும் குனிந்து குனிந்து பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். நான் கையிலிருந்த குவளையை எறியாமல் அவருடைய சாக்கில் போட்டேன். நிமிர்ந்து என் நெஞ்சிலிருந்த இலக்கத்தையும் முகத்தையும் பார்த்தார். “நம்ம புள்ளையா? ஓடு சாமி, நிக்காத” என்றார். எங்கள் லயத்துப் பேச்சு. அவர் எந்த ஊர் என்று கேட்க நேரமில்லை, கேட்கவும் தேவையில்லை. பெரஹரா முடிந்த வீதியில் அப்பா நின்ற இடத்தில் அவர் நின்றார். நான் ஓடினேன். இழுத்த தொடை இழுத்துக்கொண்டேதான் இருந்தது, ஆனாலும் அதற்குப் பிறகு நான் நடக்கவில்லை.

ஆறரை மணித்தியாலத்துக்குக் கிட்ட முடிவுக் கோட்டைத் தாண்டினேன். ஒலிபெருக்கியில் என் பெயரையும் நாட்டின் பெயரையும் சொன்னார்கள். கழுத்தில் பதக்கம் விழுந்தது. அங்கே யாரும் என் விலாசத்தைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. வயது, பால், நேரம் மட்டும்தான் கணக்கு. அப்பா பதக்கத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “சில்லு நல்லா ஓடிச்சா?” என்றுதான் கேட்டார். “நல்லா ஓடிச்சு அப்பா” என்றேன். அம்மா அதை வாங்கிச் சாமி படத்தின் முன்னால் வைத்தார்.

சந்தோஷம் ஒரு வாரம் நீடித்தது. மார்ச் முதல் வாரத்தில் திகனையிலும் தெல்தெனியாவிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மார்ச் 6 அன்று அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. கண்டி மாவட்டம் ஊரடங்கில் கிடந்தது. திகனைப் பாதை நான் பயிற்சி செய்த பாதை. தண்ணீர்ப் போத்தலை நிரப்பிக் கொடுத்த கடைக்காரர்கள் இருந்த பாதை. ஊரடங்கு தளர்ந்த பிறகு அந்த வழியே சைக்கிளில் போனபோது கருகிய சுவர்களைப் பார்த்தேன். எந்த வீதியில் யார் பயமில்லாமல் போகலாம் என்பது விளையாட்டுக்கு வெளியே இருக்கும் விடயம் அல்ல என்று அன்று புரிந்தது.

அதற்குப் பிறகும் இந்த விளையாட்டை விடாமல் கவனித்து வருகிறேன். 1978இல் ஹவாய்த் தீவுகளில் ஜோன் கொலின்ஸ், ஜூடி கொலின்ஸ் தம்பதியின் யோசனையில் 15 பேரோடு தொடங்கியது அயன்மேன். 12 பேர் முடித்தார்கள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லன் 2000ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக்குக்குள் வந்தது. 2019 ஒக்டோபரில் கோவாவில் இந்தியாவின் முதல் 70.3 நடந்தபோது வென்றவர் இந்திய இராணுவத்தைச் சேர்ந்த பிஷ்வோர்ஜித் சைக்கோம். எங்கள் பகுதி நாடுகளில் இந்த விளையாட்டுக்குள் வருகிறவர்களில் பலர் ஒன்று படைகளில் இருப்பவர்கள், அல்லது வசதியுள்ளவர்கள். காரணம் எளிது. படையிடம் தடாகமும் சைக்கிளும் பயிற்சியாளரும் உண்டு, வசதியுள்ளவர் அவற்றை வாங்கிக்கொள்வார். இரண்டும் இல்லாதவருக்குத் தற்செயலாக ஒரு திருகோணமலை அண்ணை கிடைக்க வேண்டும். ஒரு பிள்ளையின் வாழ்க்கை தற்செயலில் தொங்கக் கூடாது.

மஹய்யாவப் பிள்ளைகளிடம் உடற்பலம் இல்லை, ஒழுக்கம் இல்லை என்று யாராவது சொன்னால் அது பொய். விடியுமுன்னே எழுந்து, கனத்தை இழுத்து, முணுமுணுக்காமல் முடிக்கும் வித்தை எங்களுக்குப் பரம்பரையாக வந்தது. இல்லாதது தண்ணீர். பதக்கங்களை விட்டுவிடுவோம். மகாவலிக் கரையில் வளரும் பிள்ளைக்கு நீந்தத் தெரிவது உயிர் காக்கும் காரியம். கண்டியில் தடாகம் வைத்திருக்கும் பாடசாலைகளையும் கழகங்களையும் ஹோட்டல்களையும் கேட்டுக்கொள்கிறேன்: வாரத்தில் ஒரு மணித்தியாலம் எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்குத் திறந்து விடுங்கள். கற்றுக்கொடுக்க நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம். மாநகர சபையையும் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் வீதிகளைத் தலைமுறை தலைமுறையாகக் கூட்டியவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு பொதுத் தடாகம் கட்டிக் கொடுப்பது பெரிய கடன் அல்ல. எங்கள் ஊர்த் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: எந்தப் படிவம் கொடுத்தாலும் ஊர் என்ற இடத்தில் மஹய்யாவ என்றே எழுதுங்கள்.